இத்தாலி மொழி தெரியாமல் இளஞ்சிவப்புப் பேப்பர் படிக்க

மிலானுக்குப் போன புதிதில் எனக்குத் தெரிந்த இத்தாலியச் சொற்கள் இருபதைத் தாண்டாது. ஆனாலும் தெருமுனை பாரில் (அங்கே பார் என்றால் காப்பிக்கடை), ஐஸ்கிரீம் பெட்டிமேல் கிடக்கும் 'லா கசெட்டா டெல்லோ ஸ்போர்ட்' என்ற இளஞ்சிவப்பு விளையாட்டு நாளிதழைத் தினமும் புரட்டிவிடுவேன். கால்பந்து தெரிந்தால் பாதி புரிந்துவிடும். மீதிக்கு வழி சொல்கிறேன்.

திங்கட்கிழமை இதழில் தொடங்குங்கள். ஞாயிறு ஆட்டங்கள் அதில்தான் வரும். தலைப்பை விட்டுவிட்டு 'தபெல்லீனோ' என்கிற பொடி எழுத்து விவரத்துக்குப் போங்கள். கோல் அடித்தவர் பெயரை ஒட்டி நிமிடம் இருக்கும். 'பி.டி.' என்றால் முதல் பாதி, 'எஸ்.டி.' என்றால் இரண்டாம் பாதி. நான் ஏமாந்தது இங்கேதான். இரண்டாம் பாதியை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறார்கள். 'எஸ்.டி. 12' என்பது 57-வது நிமிடம். அது தெரியாமல், 30-வது நிமிட கோலுக்கு அப்புறம் 12-வது நிமிட கோல் எப்படி வரும் என்று பார்க்காரரிடம் வாதாடியிருக்கிறேன். 'ரிக்.' என்றால் பெனால்டி. 'அவுட்.' என்றிருந்தால் கிரிக்கெட் நினைப்பு வேண்டாம், அது சேம்சைடு கோல்.

அடுத்து 'பஜெல்லே', வீரர்களுக்கான மார்க். பள்ளி மார்க் அட்டைக்கும் இதே சொல்தான். பத்துக்குப் போடுவார்கள், 6 எடுத்தால் பாஸ். 5.5 என்றால் மயிரிழையில் ஃபெயில். கொஞ்ச நேரமே ஆடியவருக்கு 'எஸ்.வி.', அதாவது மார்க் இல்லை. இதை லேசாக நினைக்காதீர்கள். நிஜ வீரர்களைத் தேர்ந்தெடுத்து ஆடும் 'ஃபாந்தாகால்ச்சோ' என்ற கற்பனை அணி விளையாட்டே இப்படிப் பத்திரிகைக்காரர்கள் போடும் மார்க்கில்தான் பிறந்து வளர்ந்தது. மார்க்கோடு கோலுக்கு 3 கூட்டுவார்கள், மஞ்சள் அட்டைக்கு அரை கழிப்பார்கள். அந்த அரை மார்க்குக்காக ஆபீஸில் இரண்டு பேர் ஒரு வாரம் பேசாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கோடையில் ஆட்டமே இருக்காது, பேப்பர் மட்டும் இளைக்காது. எல்லாம் 'கால்ச்சோமெர்காத்தோ', வீரர் சந்தைச் செய்தி. வினைச்சொல்லின் வாலைப் பாருங்கள். 'சரேப்பே', 'வொர்ரேப்பே' போல 'எப்பே' என்று முடிந்தால் "அப்படியாம்" என்று அர்த்தம். 'உஃபிச்சாலே' என்று போட்டால்தான் உறுதி.

ஒரு எச்சரிக்கை. இது மிலான் பேப்பர், அதனால் ஊரின் இரண்டு அணிகளான இன்டருக்கும் ஏசி மிலானுக்கும் இடம் தாராளம். யுவென்டஸ் ரசிகர் என்றால் டூரினின் 'துத்தோஸ்போர்ட்', ரோமா, லாட்சியோ என்றால் ரோமின் 'கொர்ரியேரே டெல்லோ ஸ்போர்ட்'.

நிறத்தைப் பற்றிக் கேட்பீர்கள். 1896-ல் தொடங்கியபோது தாள் பச்சை, 1899-லிருந்துதான் இந்த இளஞ்சிவப்பு. 1909-ல் இந்தப் பேப்பரே தொடங்கிய 'ஜீரோ டி இத்தாலியா' என்ற, இத்தாலியைச் சுற்றும் சைக்கிள் பந்தயத்தில் முன்னணி வீரரின் சட்டையும் 1931 முதல் இதே நிறம். மே மாதம் சைக்கிள் பக்கங்கள் பெருகும், கால்பந்துப் பிரியர்கள் அலுத்துக்கொண்டே புரட்டுவார்கள்.

படித்ததும் பழையபடி மடித்து வைத்துவிடுங்கள். காப்பிக் கோப்பையோடு பக்கத்தில் நிற்கும் பெரியவர் உங்களைப் பார்க்கவில்லை, பேப்பரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.