ஃபைபர் படகின் பின்பலகை: பழுது பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரிக் கரையில் 2004 சுனாமிக்குப் பிறகு இறங்கிய ஃபைபர் படகுகளுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. அவுட்போர்டு எஞ்சின் (பின்னால் வெளியே தொங்கும் எஞ்சின்) மாட்டும் படகுகளில் பெரும்பாலும் முதலில் கெடுவது பின்பலகை, பட்டறையில் டிரான்சம் என்போமே, அதுதான். வெளியே பார்க்க ஃபைபர், உள்ளே பிளைவுட். எஞ்சினின் எடையையும் தள்ளுவிசையையும் அந்த மரம்தான் தாங்குகிறது. தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் இந்த வேலையில் ஒரே இடங்களில்தான் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள். முகமூடி போடு, கையுறை மாட்டு என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

தட்டிப் பார்த்ததோடு நிறுத்துவது

பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென்றும், கெட்ட இடம் மந்தமாகவும் ஒலிக்கும். ஆனால் தண்ணீர் ஊறியும் இன்னும் அழுகாத மரம் நல்ல மரம் மாதிரியே ஒலிக்கும். எஞ்சினின் கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டச் சொல்லி, பலகை அசைகிறதா, மூலைகளில் ஜெல்கோட் (ஃபைபரின் மேற்பூச்சு) வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் படகின் உள்பக்கத்திலிருந்து, அடிமட்டத்தில் சில சிறு துளைகள் போடுங்கள். வெளிர்நிறத் தூள் உதிர்ந்தால் சரி. கறுத்த, ஈரமான மசியல் வந்தால் வேலை இருக்கிறது. துளை வெளித்தோலைத் தாண்டக் கூடாது. பார்த்து முடித்ததும் எபாக்சியால் (இரண்டு பாகம் கலந்தால் இறுகும் ரெசின்) அடைத்துவிடுங்கள்.

ஈர மரம் காயும் என்று காத்திருப்பது

இரு பக்கமும் ஃபைபர் மூடிய மரம் எந்த வெயிலிலும் லேசில் காயாது. வெட்டி எடுங்கள்.

முட்டுக் கொடுக்காமல் மரத்தை எடுப்பது

மரம் போனதும் வெளித்தோல் தொளதொளத்துவிடும். அந்த வளைவோடு புதுப் பலகையை ஒட்டினால் எஞ்சின் கோணலாகத்தான் உட்காரும். வெட்டுவதற்கு முன்பே வெளியே நேரான கட்டை வைத்துக் கட்டிவிடுங்கள்.

கடைக்காரர் 'மரைன்' என்றதும் வாங்குவது

பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரையைக் கண்ணால் பாருங்கள்; அதுதான் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண். ஐ.எஸ். 303 சாதாரண பிளைவுட்டின் எண், சமையலறை அலமாரிக்குப் போதும்.

வெறும் மரத்தில் துளை போடுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். பின்பலகை சும்மா அழுகுவதில்லை. யாரோ போட்ட துளை வழியாகத்தான் பெரும்பாலும் தண்ணீர் உள்ளே போகிறது: எஞ்சின் போல்ட், அடித்தண்ணீர் வடியும் குழாய், ஏதோ ஒரு கொக்கி. துளைக்குள் பிளைவுட்டின் வெட்டுமுகம் திறந்தே கிடக்கும். அது தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

பக்கத்துப் பட்டறையில் ஒரு தம்பி பின்பலகையை முழுதும் பிரித்துப் புதிதாகக் கட்டினார். குறை சொல்ல முடியாத வேலை. கடலில் இறக்குவதற்கு முந்தைய சாயங்காலம் படகுக்காரர் மீன் காட்டும் கருவி ஒன்றை வாங்கி வந்தார். அதன் சென்சாரை நீர்மட்டத்துக்குக் கீழே நாலு திருகாணி போட்டு முறுக்கி, மேலே சிலிக்கோன் தடவிவிட்டார்கள். அடுத்த முறை படகு கரையேறியபோது திருகாணிகள் கையோடு வந்தன, பின்னாலேயே பழுப்புத் தண்ணீரும். பிளைவுட், ரெசின், கூலி, தொழிலுக்குப் போகாத நாட்கள் எல்லாம் இன்னொரு தரம். நாலு திருகாணிக்கு!

10 மி.மீ. போல்ட் என்றால் 16 மி.மீ. துளை போடுங்கள். துளைச்சுவரில் தண்ணியான எபாக்சியைத் தூரிகையால் ஊறவிட்டு, அது இறுகும் முன்பே ஃபில்லர் போட்டுக் கெட்டியாக்கிய எபாக்சியால் துளையை அடையுங்கள். நன்றாக இறுகிய பிறகு நடுவில் 10 மி.மீ. துளை. இப்போது போல்ட்டைச் சுற்றி 3 மி.மீ. எபாக்சிச் சுவர் நிற்கும். போல்ட் தளர்ந்து தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. சென்சார் மாதிரிச் சின்னச் சாமானுக்கு வெளியே கனமான ஃபைபர் கட்டை ஒன்றை ஒட்டி, திருகாணியை அந்தக் கட்டைக்குள்ளேயே நிறுத்திவிடுங்கள். சிலிக்கோன் வேண்டவே வேண்டாம். அது பட்ட இடத்தில் பிறகு ரெசினும் பிடிக்காது, பெயின்டும் பிடிக்காது. பாலியூரித்தேன் சீலன்ட் விலை கூடத்தான்; ஆனாலும் அதையே வாங்குங்கள்.

பலகையின் மேல்விளிம்பையும் மறக்காதீர்கள். எஞ்சின் கிளாம்ப் அழுத்தி அழுத்தி அங்கே ஃபைபர் விரியும். மழைத்தண்ணீர் அதன் வழியே இறங்கும்.

எபாக்சிக்கு மேல் பாலியஸ்டர்

படகின் பழைய பாலியஸ்டர் ரெசின் மேல் எபாக்சி நன்றாகவே ஒட்டும். எபாக்சி மேல் பாலியஸ்டர் சரியாக ஒட்டாது. வழக்கமான மேட்டை (நறுக்கிய ஃபைபர் இழைகளைப் பசையால் ஒட்டிய பாய்) எபாக்சியோடு போடுவதும் வீண்தான்: அதிலுள்ள பசை பாலியஸ்டர் ரெசினிலுள்ள ஸ்டைரீனில் கரைவது, எபாக்சியில் ஸ்டைரீன் கிடையாது. தைத்த துணியோ நெய்த துணியோ போடுங்கள்.

கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும்

பாலியஸ்டர் ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் இந்த இரண்டையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுதும் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட்.