தெருவுக்கு ஒரு தாள்: செட்டிநாட்டு ஊர்களில் மாத அறிவிப்புத் தாள் தயாரிக்கும் முறை

செட்டிநாட்டு ஊர்களில் திண்ணைகளில் ஆள் இருந்த காலத்தில் ஒரு வீட்டுக்குத் தெரிந்த செய்தி, பொழுது சாய்வதற்குள் தெரு முழுவதும் தெரிந்துவிடும். இன்று பூட்டிய வீடுகளே மிகுதி. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ஊரில் இருப்பவர்களோ வயதானவர்கள், வாடகைக்கு வந்தவர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்பவர்கள். தண்டோரா போட்டு அறிவிக்கும் வழக்கத்தை 2022 ஆகஸ்டில் அரசே கைவிடச் சொல்லிவிட்டது. ஒரு மனிதரைப் பறையோடு தெருத்தெருவாக அனுப்புவது இந்தக் காலத்துக்கு ஒவ்வாதது என்பதால் அது சரியான முடிவுதான். ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த வாட்ஸ்அப் குழுவில், காலை வணக்கப் படங்களுக்கு நடுவே வரி கட்டக் கடைசித் தேதி புதைந்துபோகிறது. மாதத்துக்கு ஒரு முறை, ஒரே தாளில், அந்தத் தெருவுக்கு வேண்டியதை மட்டும் எழுதி ஒட்டுவது இந்தக் குறைக்கு எளிய மாற்று. அப்படி ஒரு தாளைத் தயாரித்துவரும் பழக்கத்தில் தெரிந்துகொண்டவற்றை, புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தாளை எழுதத் தொடங்கும் முன் உங்கள் தெரு எந்தெந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்பதை ஒரு முறை உட்கார்ந்து குறித்துக்கொள்ள வேண்டும். இது வேறு ஊர்களில் ஐந்து நிமிட வேலையாக இருக்கலாம், இங்கே அப்படியில்லை. செட்டிநாடு என்பது ஒரு வட்டாரத்தின் வழக்குப் பெயர்; அந்தப் பெயரில் வட்டமோ மாவட்டமோ இல்லை. காரைக்குடியும் தேவகோட்டையும் கானாடுகாத்தானும் சிவகங்கை மாவட்டத்தில் இருக்க, கோனாபட்டும் இராயவரமும் கடியாபட்டியும் புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம் வட்டத்தில் இருக்கின்றன. கானாடுகாத்தான் பேரூராட்சி, ஆத்தங்குடி ஊராட்சி, தேவகோட்டை நகராட்சி. 2024 ஆகஸ்டில் காரைக்குடி மாநகராட்சியானபோது, அதுவரை தனித்தனிப் பேரூராட்சிகளாக இருந்த கோட்டையூரும் கண்டனூரும், சங்கராபுரம், கோவிலூர், அரியக்குடி முதலிய ஊராட்சிகளும் அதனோடு சேர்க்கப்பட்டன. அங்கே குடியிருப்பவர்கள் நேற்றுவரை ஊராட்சிச் செயலரிடமோ பேரூராட்சிச் செயல் அலுவலரிடமோ கொண்டுபோன மனுவை இனி மாநகராட்சி ஆணையர் பெயருக்கு எழுத வேண்டும். தாளின் தலைப்பகுதியிலேயே உள்ளாட்சி, வட்டம், மாவட்டம், மின்சாரம் வரும் துணை மின் நிலையம் ஆகிய நான்கையும் மாதாமாதம் அச்சிட்டுவிடுங்கள். பாதிப் பேர் மனுவைத் தவறான அலுவலகத்தில் கொடுத்துவிட்டுத்தான் மூன்று மாதம் காத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, நம் ஊர் வீடுகளுக்கே உரியது. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் திறக்கும்படி நீளமாகக் கட்டிய வீடுகள் இவை. வரி விதிப்பு முன்வாசல் தெருவின் பெயரில் இருக்கும். கழிவுநீர் வாய்க்காலோ பின்வாசல் தெருவில் ஓடும். ஆகவே "மேலத் தெருவில் வாய்க்கால் தூர்வாரப்படும்" என்று மட்டும் எழுதினால், பின்வாசலை அந்தப் பக்கம் வைத்திருப்பவர் அது தமக்கில்லை என்று நினைத்து, வாய்க்கால் மேல் போட்ட கல்லை எடுக்காமல் விட்டுவிடுவார். இரண்டு தெருவின் பெயரையும் சேர்த்து எழுதுவது இரண்டு சொல் செலவுதான்.

அடுத்தது, செய்தியை எங்கிருந்து எடுப்பது என்பது. இதில் நான் பட்ட அவமானத்தைச் சொன்னால் விளங்கும். ஒரு மாதம், மின்தடை அறிவிப்பு என்று குழுவில் சுற்றிவந்த படம் ஒன்றை அப்படியே தாளில் எழுதிவிட்டேன். படத்தில் தேதி இருந்தது, கிழமை இருந்தது, ஆண்டு இல்லை. தெருவில் எல்லாரும் முதல் நாள் இரவே மாவாட்டி, மேல்தொட்டியை நிரப்பி வைத்துக் காத்திருந்தார்கள். மின்விசிறி நாள் முழுவதும் சுற்றிக்கொண்டே இருந்தது. அது பழைய ஆண்டின் படம் என்பது பிறகுதான் தெரிந்தது. கிழமை பொருந்துகிறதா என்று நாட்காட்டியைப் புரட்டியிருந்தாலே அகப்பட்டிருக்கும். அதைவிட மோசமானது அடுத்து நடந்தது: இரண்டு வாரம் கழித்து உண்மையாகவே மின்தடை வந்தபோது, சரியாக எழுதியிருந்த அறிவிப்பை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. கல்யாண வீட்டுக்கு அரைக்க வேண்டிய மாவு பாதியில் நின்றது. "உங்க தாளை நம்பி ஒரு தடவை ஏமாந்தாச்சே அண்ணே" என்று அந்த வீட்டு ஆச்சி சொன்னபோது பதில் சொல்ல வாயில்லை.

அன்று முதல் ஒரு விதி வைத்திருக்கிறேன். கையொப்பமும் தேதியும் உள்ள தாளையோ, அலுவலகப் பலகையில் ஒட்டியதையோ, நாளிதழில் அன்றைய தேதியோடு வந்த அறிவிப்பையோ கண்ணால் பார்க்காமல் எதையும் எழுதுவதில்லை. ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் அது எங்கிருந்து, என்று எடுக்கப்பட்டது என்பதைச் சிறிய எழுத்தில் சேர்த்துவிடுவேன். மின்தடையைப் பொறுத்தவரை மேலும் ஒரு நுட்பம் உண்டு. மின்வாரியத்தின் பராமரிப்பு அறிவிப்பு துணை மின் நிலையத்தை வைத்து வருமே தவிர, வார்டு எண்ணை வைத்து வராது. ஒரே வார்டில் ஒரு தெருவுக்கு ஒரு நிலையத்திலிருந்தும் அடுத்த தெருவுக்கு வேறொன்றிலிருந்தும் மின்சாரம் வரலாம். உங்கள் தெருவுக்கு எந்த நிலையம், எந்த மின்வழி (ஃபீடர்) என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுக் குறித்துக்கொண்டால் ஆயுளுக்கும் போதும். சந்தேகம் வரும்போது மின்வாரியத்தின் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம்.

கிராம சபையைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் ஊராட்சிப் பகுதியில் குடியிருப்பவர் தம் கேள்வியை நேரே எழுப்பக்கூடிய இடம் அதுதான். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ் நடக்கும் இந்தக் கூட்டம் முன்பு ஆண்டுக்கு நான்கு முறை நடந்தது: ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2. 2022 முதல் தண்ணீர் தினமான மார்ச் 22-உம் உள்ளாட்சி தினமான நவம்பர் 1-உம் சேர்ந்து ஆறாயின. இந்த ஆறு தேதிகளையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடலாம்; கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் மட்டும் அந்தந்த மாதம் சேர்த்தால் போதும். எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்பதும் மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது: மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். ஆள் குறைந்ததால் கூட்டம் தள்ளிப்போன ஊரில் இந்த எண்ணை எழுதி ஒட்டிப் பாருங்கள், அடுத்த கூட்டத்தில் வருகை தெரியும். எங்கள் பக்கத்து இரு மாவட்டங்களிலும் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, அவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் இல்லாத காலத்தில் கிராம சபையும் இல்லை என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். சபை ஊர் மக்களுடையது. தலைவர் பதவி காலியாக இருந்தாலும் கூட்டம் நடக்கும். நகர்ப்புறத்தில் இருப்பவர்கள் கிராம சபையைப் போல வார்டுக்குள் தங்கள் பகுதிக்கு அமைந்த பகுதி சபையின் கூட்ட நாளை வார்டு உறுப்பினரிடம் கேட்டு எழுத வேண்டும்.

கூட்டம் முடிந்த மறுநாள் எழுதும் குறிப்பில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். "கிராம சபைக் கூட்டம் சிறப்பாக நடைபெற்றது, பொதுமக்கள் திரளாகக் கலந்துகொண்டனர்" என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன கிடைத்தது? எந்தத் தெருவுக்கு எந்த வேலை, தீர்மான எண் என்ன, அது எந்தப் படியில் இருக்கிறது என்பதை எழுத வேண்டும். தீர்மானம் நிறைவேறியது என்றால் அடுத்த வாரம் ஜல்லி வந்து இறங்கும் என்று பொருளில்லை. தீர்மானத்துக்குப் பிறகு மதிப்பீடு தயாராக வேண்டும். அதற்கு நிர்வாக அனுமதியும் நிதியும் கிடைக்க வேண்டும். பிறகு ஒப்பந்தப்புள்ளி கோரி, பணி ஆணை வழங்கிய பின்புதான் வேலை தொடங்கும். என் தாளில் நடக்கும் வேலைகளுக்கென்று ஒரு மூலை ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "மதிப்பீடு நிலை", "பணி ஆணை வழங்கப்பட்டது" என்று மட்டும் எழுதுகிறேன். நான்கு மாதமாக ஒரே சொல் நிற்கும் வரியை மக்கள் தாமாகவே கவனித்துவிடுவார்கள். நான் விமர்சனம் எழுதத் தேவையில்லை. அலுவலகத்தில் விவரம் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு கொடுக்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் செயலரிடம் நேரில் போய், தாளுக்காகக் கேட்கிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் பதிவேட்டை எடுத்துக் காட்டிவிடுகிறார்கள் என்பதும் என் அனுபவம்.

வரிச் செய்தியைச் சுருக்கமாக எழுதலாம், ஆனால் உரிய மாதத்தில் எழுத வேண்டும். நகர்ப்புற உள்ளாட்சிகளில் சொத்து வரியை ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் அந்த அரையாண்டுத் தொகையில் 5 சதவீதம் ஊக்கத்தொகையாகக் குறையும். இதை மார்ச்சுத் தாளிலும் செப்டம்பர்த் தாளிலும் போட வேண்டும். ஏப்ரல் கடைசியில் போட்டுப் பயனில்லை, சிங்கப்பூரில் இருப்பவருக்குச் செய்தி போய் அவர் தம்பியைக் கேட்டு முடிப்பதற்குள் மாதம் முடிந்துவிடும். பங்காளிகள் பலருக்குப் பொதுவான வீடுகளில் வரிச்சீட்டு இன்னும் பாட்டையா பெயரிலேயே இருக்கும். ஒவ்வொருவரும் மற்றவர் கட்டிவிட்டார் என்று நினைத்திருப்பார்கள். கேட்பு அறிவிப்பு பூட்டிய கதவில் ஒட்டப்பட்டு, மழையில் நனைந்து விழுந்துவிடும். "உங்கள் பங்காளிகளில் இந்த அரையாண்டு யார் கட்டுகிறார் என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்" என்ற ஒரு வரி போதும். எந்த வீடு எவ்வளவு பாக்கி என்று தாளில் எழுதவே கூடாது. அது ஊர்ச் செய்தியாகாது, ஊர் வம்பாகிவிடும்.

விழாக்களை எழுதும்போது, நட்சத்திரத்தையும் திதியையும் ஆங்கிலத் தேதியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்; பயணச்சீட்டு எடுப்பவருக்கு பங்குனி உத்திரம் என்றால் போதாது. தேதியைக் கோயில் அழைப்பிதழிலிருந்துதான் எடுக்க வேண்டும், சுவர் நாட்காட்டியிலிருந்து அல்ல. பங்குனி எங்கள் பக்கத்தில் நெரிசலான மாதம். குன்றக்குடியில் உத்திரத் திருவிழா நடக்கும்; 1939-இல் சா. கணேசன் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகத்தின் விழாவும் அதே நாட்களையொட்டி நடந்து, அத்த நட்சத்திர நாளில் கம்பர் சமாதி உள்ள நாட்டரசன்கோட்டையில் நிறைவடையும். இவை எப்போதும் நடப்பவைதானே என்று பெயரை மட்டும் போட்டுவிடாமல், எந்தச் சாலை அடைக்கப்படும், பேருந்து எங்கே நிற்கும், அன்னதானம் எத்தனை மணிக்கு என்பவற்றை எழுதுங்கள். உள்ளூர் அம்மன் கோயில் விழாவென்றால் காப்புக் கட்டும் நாளை முதலில் எழுத வேண்டும். காப்புக் கட்டிய பின் வெளியூரில் தங்கக் கூடாது என்ற வழக்கம் உள்ள ஊர்களில், மருத்துவமனைக்கும் கல்யாணத்துக்கும் போக வேண்டியவர்கள் அந்த ஒரு தேதியை வைத்துத்தான் எல்லாவற்றையும் தீர்மானிப்பார்கள்.

மஞ்சுவிரட்டில் தனிக் கவனம் வேண்டும். சிராவயல் போன்ற பெயர்பெற்ற ஊர்களானாலும் சிற்றூர் ஆனாலும், விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் தமிழ்நாடு 2017-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் நடத்த முடியாது. விழாக் குழுவினர் தேதி குறித்துச் சுவரொட்டி அடித்துவிட்டார்கள் என்பதற்காகத் தாளில் எழுதிவிடாதீர்கள். அனுமதி கைக்கு வரும்வரை "விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்று மட்டும் போடலாம். இதற்காக என்னோடு இரண்டு மாதம் பேசாமல் இருந்தவர்களும் உண்டு.

மழைக்கு முந்திய செப்டம்பர்த் தாளில் ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களைச் சுத்தம் செய்வதற்கு ஒரு பத்தி எப்போதும் உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு குப்பையை அள்ளி ஒன்றும் ஆகாது.

எழுதும் முறையில், ஒவ்வொரு செய்தியும் நாளில் தொடங்கி, படிப்பவர் செய்ய வேண்டியதில் முடிய வேண்டும். அலுவலகச் சுற்றறிக்கையில் "மாதாந்திரப் பராமரிப்புப் பணிகள் மேற்கொள்ளப்படவிருப்பதால் கீழ்க்கண்ட பகுதிகளில் மின்விநியோகம் நிறுத்தப்படும் எனத் தெரிவிக்கப்படுகிறது" என்று இருக்கும். தாளில் அது இப்படி ஆகும்: "12-ஆம் தேதி வியாழக்கிழமை, காலை 9 முதல் மாலை 5 வரை நம் தெருவில் மின்சாரம் இராது. முதல் நாளே தண்ணீர் ஏற்றிக்கொள்ளுங்கள். (நாளிதழ் அறிவிப்பு, 9-ஆம் தேதி.)" எழுத்து பெரிதாக இருக்கட்டும், ஒரு பக்கத்துக்கு மேல் போனால் ஏதோ ஒன்றைத் தேவையில்லாமல் சேர்த்திருக்கிறீர்கள். ஜெராக்ஸ் கடையில் பத்துப் பிரதி எடுத்தால் ஒரு தெருவுக்குத் தாராளம். ரேஷன் கடை, தேநீர்க் கடை, கோயில் வாசல், பால் ஊற்றும் இடம் ஆகியவற்றில் கண்மட்டத்தில் ஒட்டுங்கள். அதையே படமெடுத்து வெளியூரில் இருப்பவர்களுக்கு அனுப்பலாம். படிக்க இயலாத பெரியவர்களுக்காக நிதானமாக வாசித்துக் குரல்பதிவாகவும் அனுப்பினால் ஆச்சிமார்கள் இரண்டு முறை போட்டுக் கேட்கிறார்கள்.

தவறு நேர்ந்தால் அடுத்த மாதத் தாளில் முதல் வரியாகவே, பெரிய எழுத்தில், திருத்தத்தைப் போட வேண்டும். மூலையில் ஒளித்தால் பயனில்லை. புதிய தாளை ஒட்டும்போது பழையதைக் கிழித்து எடுத்துவிடுங்கள், அதன் மேலேயே ஒட்டாதீர்கள். மழை பெய்து மேல்தாள் உரிந்தால் போன மாதத்து மின்தடை மறுபடியும் அறிவிக்கப்பட்டுவிடும். ஒரு பிரதியை மட்டும் ஆண்டும் மாதமும் குறித்துக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கிராம சபையில் "அந்தச் சாலைக்குப் பணி ஆணை எப்போது வந்தது?" என்று யாராவது கேட்டால், எடுத்துக் காட்ட அது உதவும்.