முந்திக்கொள்ளும் பாட்களும் அவற்றின் பெயரால் நடக்கும் மோசடியும்

எத்தீரியம் என்ற பிளாக்செயினில் நாம் அனுப்பும் பரிவர்த்தனை, பரிவர்த்தனைகளைத் தொகுத்துப் பதியும் பிளாக்கில் உடனே ஏறிவிடுவதில்லை. ஏறும்வரை அது மெம்பூல் எனப்படும் பொதுக் காத்திருப்புப் பகுதியில், யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருக்கிறது. யூனிஸ்வாப் என்ற கிரிப்டோ பரிமாற்றத் தளத்தில் ஒரு டோக்கனைப் பெருந்தொகைக்கு வாங்க நாம் முற்பட்டால், அந்தக் கொள்முதலால் விலை எவ்வளவு ஏறும் என்பதைக் கணித்துக்கொள்ளும் பாட் என்ற தானியங்கி நிரல், தன் பரிவர்த்தனைக்குக் கூடுதல் கட்டணம் கொடுத்து நமக்கு முன்னால் வாங்கிவிட்டு, நாம் ஏறிய விலைக்கு வாங்கியதும் பெரும்பாலும் அதே பிளாக்கில் விற்றுவிடுகிறது. இதற்குச் சாண்ட்விச் தாக்குதல் என்று பெயர்.

இதிலிருந்து தப்ப, முதலில் ஸ்லிப்பேஜ் வரம்பை, அதாவது எதிர்பார்த்த விலையிலிருந்து எவ்வளவு விலகலை ஏற்போம் என்ற அளவை, குறைத்து வையுங்கள். நம்மிடமிருந்து பாட் பறிக்கக்கூடியதன் உச்ச அளவை அந்த வரம்புதான் தீர்மானிக்கிறது. மிகக் குறைத்தால் பரிவர்த்தனை தோற்றுப்போகலாம், அதற்கான கட்டணமும் வீணாகலாம். ஆயினும் பெருந்தொகையில் அது சிறிய இழப்பே. அடுத்து, ஃபிளாஷ்பாட்ஸ் புரொடெக்ட் போன்ற ஆர்பிசி முகவரியை, அதாவது வாலட் எத்தீரியத்துடன் தொடர்புகொள்ளும் இணைய முகவரியை, வாலட்டின் நெட்வொர்க் அமைப்பில் சேர்த்தால், பரிவர்த்தனை பொது மெம்பூலுக்குப் போகாமல் பிளாக் கட்டமைப்பவர்களிடம் நேரடியாகச் செல்லும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது இந்தப் பாட்களின் பெயரைச் சொல்லி ஏமாற்றுபவர்கள்தான். யூடியூபில் ஒருவர், தினமும் லாபம் தரும் பாட் என்று சொல்லி சாலிடிட்டி மொழியில் எழுதிய ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (சங்கிலியிலேயே இயங்கும் நிரல்) ஒன்றை இலவசமாகத் தருவார். அதை ரீமிக்ஸ் என்ற நிரல் எழுதும் இணையக் கருவியில் ஒட்டி, டெப்ளாய் செய்து (சங்கிலியில் ஏற்றி), அதற்கு எத்தீரியத்தின் நாணயமான ஈத்தரை அனுப்பி, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தச் சொல்வார். அழுத்தியதும் பணம் அவருடைய வாலட்டுக்குப் போய்விடும். வித்ட்ராயல் என்று பெயரிட்ட செயற்கூறும் பெரும்பாலும் அங்கேயேதான் அனுப்பும். அந்த முகவரி நிரலில் முழுதாகத் தெரியாது. பல துண்டுகளாகச் சிதறி, இயங்கும்போது ஒன்றுசேரும்படி எழுதப்பட்டிருக்கும்.

நிரல் படிக்கத் தெரியாதவரும் இதைக் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. ஸ்மார்ட் கான்ட்ராக்டால் மெம்பூலைப் பார்க்கவே முடியாது. யாராவது ஒரு பரிவர்த்தனையின் மூலம் அழைக்கும்போது மட்டுமே அது இயங்கும். உண்மையான பாட்டின் கண்காணிப்புப் பகுதி சங்கிலிக்கு வெளியே, எத்தீரிய வலையமைப்பில் உள்ள ஒரு நோடுடன் இணைந்த கணினியில் ஓடும் நிரலாகும். ஆகவே, கான்ட்ராக்டே மெம்பூலை ஆராய்கிறது என்று ஒருவர் சொன்னால், காணொளியின் கீழே எத்தனை நன்றிக் கருத்துகள் இருந்தாலும் அது பொய்தான்.

ஏற்கெனவே ஈத்தர் அனுப்பியிருந்தால், வேறு எந்தப் பொத்தானையும் அழுத்தாமல், நிரல் படிக்கத் தெரிந்த நம்பகமான ஒருவரிடம் காட்டுங்கள். பணத்தை மீட்டுத் தருவதாக முன்பணம் கேட்டு வருபவர்களுக்குப் பதில் அனுப்பாதீர்கள்.