வீட்டைத் திருத்தப் போகிறீர்களா? கொந்தராத்துக் கொடுக்கும்போது விடும் பிழைகள்

வன்னியில் எந்த ஊருக்குள் போனாலும் ஏதோ ஒரு வளவில் கல்லும் மண்ணும் பறித்துக் கிடக்கிறது. 2012 இற்குப் பிறகு இந்திய வீட்டுத் திட்டத்தில், 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபா உதவியோடு எழும்பிய வீடுகளுக்கு வயது பத்தைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், ஓர் அறை கூட்ட வேண்டும், குசினியைப் பெருப்பிக்க வேண்டும், வீட்டோடு சேர்த்து ஒரு குளியலறை வேண்டும். இன்னொரு பக்கம், யுத்தத்தில் கூரை போய், சுவர் மட்டும் வெயிலிலும் மழையிலும் நின்று, பிறகு அவசரத்துக்குத் தகரம் போட்டு மூடிய பழைய கல்வீடுகள். இரண்டுக்கும் காசு வருவது வெளிநாட்டில் இரவு வேலை செய்யும் ஒரு பிள்ளையிடமிருந்து, இல்லையென்றால் அடைவு வைத்த நகையிலிருந்து. அந்தக் காசோடு கொந்தராத்துக்காரர் (ஒப்பந்தத்தில் வேலை எடுப்பவர்) பாதி வேலையில் காணாமல் போவதைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. பெரும்பாலான இடங்களில் அது தடுத்திருக்கக்கூடிய இழப்பு.

வீட்டைப் பார்க்காமல் விலை பேசுவது

"அண்ணை, ரெண்டு அறையும் குசினியும் திருத்த எவ்வளவு முடியும்?"

"ஒரு பத்து லட்சத்துக்குள்ள முடிச்சுத் தாறன் தம்பி."

தொலைபேசியில் இப்படிப் பேசி முடிப்பவர்கள் ஏராளம். புது வீட்டுக்குச் சதுர அடிக் கணக்கில் ஒரு விலை சொல்லலாம். திருத்த வேலைக்கு அது சரிவராது. பழைய பூச்சைக் கொத்திப் பார்த்தால்தான் உள்ளே கல் உக்கியிருக்கிறதா என்று தெரியும். கூரையைக் கழற்றினால்தான் எந்த வளையைக் கறையான் தின்றிருக்கிறது என்று தெரியும். செல் விழுந்த அதிர்வில் வெடித்த சுவருக்குப் பூச்சுப் பூசி மறைத்தால், அடுத்த மாரிக்கு அதே இடத்தில் வெடிப்பு வரும். நல்ல கொந்தராத்துக்காரர் நேரில் வந்து, சுவரைத் தட்டி, அத்திவாரத்துக்குப் பக்கத்தில் ஓரிரு இடம் கிண்டிப் பார்த்துவிட்டுத்தான் தொகை சொல்வார். "இந்தப் பகுதியைக் கழற்றின பிறகுதான் சொல்லலாம்" என்று ஒருவர் சொன்னால் அவரை நம்பலாம். எல்லாவற்றுக்கும் உடனே ஒரு தொகை சொல்பவர் பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டுவார்.

மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். ஆனால் மூவருக்கும் ஒரே வேலையைச் சொல்லிக் கேளுங்கள். ஒருவர் ரைல்ஸ் சேர்த்தும் மற்றவர் சேர்க்காமலும் சொன்ன தொகைகளை ஒப்பிட்டுப் பயனில்லை. மிகக் குறைந்த தொகை சொன்னவரை உடனே பிடிக்கவும் வேண்டாம். அவர் எதை விட்டுவிட்டார் என்று முதலில் தேடுங்கள்.

போன மாதம் முடித்த வேலையைப் பார்த்து மயங்குவது

புதுப் பெயின்ற் அடித்த சுவர் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். கொந்தராத்துக்காரர் செய்த வேலையைப் பார்ப்பதென்றால், இரண்டு மாரி கண்ட வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். போனால் மூன்று இடத்தைப் பாருங்கள்: குளியலறையின் வெளிச்சுவரில் ஈரம் ஊறி உப்புப் பூத்திருக்கிறதா, பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக வெடிப்பு இருக்கிறதா, கூரையும் சுவரும் முட்டும் இடத்தில் தண்ணீர் வடிந்த கறை இருக்கிறதா. இரண்டாவது மிக முக்கியம். புதுச் சுவரின் கல்லைப் பழைய சுவருக்குள் கோத்து, பல் விட்டுக் கட்டாமல் சும்மா ஒட்டிக் கட்டினால் அந்தக் கோடு கட்டாயம் பிரியும்.

அப்புறம் அந்த வீட்டு அம்மாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "பிழை வந்தபோது கூப்பிட்டால் வந்தாரா?" நூறு பாராட்டுகளைவிட அந்தப் பதில் பெறுமதி.

பெரிய வேலையென்றால் நிர்மாணத் தொழில் அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஊர் மேசன்மார் பலரிடம் அந்தப் பதிவு இருக்காது. அதற்காக அவர்களை ஒதுக்க வேண்டியதில்லை. பலரிடம் என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கும். இல்லாதவரிடம் இருப்பது அவர் கட்டிய வீடுகள், அவற்றைப் பாருங்கள்.

சொந்தக்காரருக்குக் கொடுப்பதா என்று பலர் கேட்கிறார்கள். கொடுக்கலாம், மற்றவரோடு பேசுவது போலவே கணக்கும் எழுத்தும் வைக்க முடியுமென்றால். "எங்கட பெடியன்தானே" என்று வாய்ப்பேச்சில் விட்டால், மச்சானிடம் சுவர் கோணல் என்று சொல்லவும் முடியாது, கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. கடைசியில் கொண்டாட்டத்துக்கும் செத்தவீட்டுக்கும் போவதே நின்றுவிடும்.

காசை முன்னுக்குக் கொடுப்பது

எல்லாப் பிழைக்கும் தாய்ப் பிழை இதுதான். "சீமெந்து விலை ஏறப் போகுது, இப்பவே எடுத்து வைப்பம்" என்று சொல்லி மொத்தத் தொகையில் பாதியை வாங்குவார். உண்மையிலேயே விலை ஏறியும் இருக்கிறது. 2021 இல் ஆயிரம் ரூபா அளவில் இருந்த 50 கிலோ சீமெந்துப் பை 2022 இல் மூவாயிரத்தைத் தொட்டது. அந்த நெருக்கடியில் நேர்மையான கொந்தராத்துக்காரர்களும் நொடித்துப் போனார்கள். ஆனால் அந்தப் பயத்தைக் காட்டி வாங்கிய காசு பல இடங்களில் வேறு யாருடையதோ வீட்டில் பாதியில் நின்ற வேலையை முடிக்கத்தான் போகிறது. உங்கள் வீட்டை முடிக்க அடுத்தவரிடம் முற்பணம் வாங்குவார். ஒரு நாள் சங்கிலி அறும்.

வீட்டுத் திட்டத்தில் நாங்கள் எப்படிக் காசு பெற்றோம் என்று நினைத்துப் பாருங்கள். ஒரே தடவையில் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு கட்டம் முடிந்து, அதைப் பார்த்து உறுதிப்படுத்திய பிறகுதான் அடுத்த கட்டக் காசு வங்கிக்கு வந்தது. அதே முறையை எங்கள் சொந்தக் காசுக்கு மட்டும் ஏன் கைவிடுகிறோம்? திருத்த வேலைக்கும் கட்டம் பிரிக்கலாம்: உடைத்துத் துப்புரவாக்குதல், அத்திவாரமும் சுவரும், கூரை, வயரிங்கும் குழாயும், பூச்சு, நிலம், பெயின்ற். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. முற்பணம் முதல் கட்டத்துக்கு மேல் போகக் கூடாது. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை, வேலை முடிந்து ஒரு நல்ல மழை பெய்யும்வரை கையில் வைத்திருங்கள். இதை முதலிலேயே பேசி எழுத வேண்டும்; கடைசியில் சொன்னால் சண்டைதான் வரும்.

என்னைக் கேட்டால், முடிந்தவர்கள் பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் கொந்தராத்தாகக் கொடுப்பது நல்லது. கடைக்கு அலைய வேண்டும், உண்மைதான். ஆனால் என்ன வருகிறது என்று கண் முன்னால் தெரியும். மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கியூப் என்பது 100 கன அடி. உழவு இயந்திரப் பெட்டியில் வந்தால் பறிக்க முன்னம் அளவு நாடாவை எடுங்கள். பெட்டி 10 அடி நீளம், 6 அடி அகலம், மண் நிற்கும் உயரம் ஒன்றரை அடி என்றால் 90 கன அடிதான். ஒரு கியூப் இல்லை. பத்துப் பெட்டி இறக்கினால் உங்களுக்கு ஒரு கியூப் மண் குறைகிறது. மண் ஏற்றுவதற்கான அனுமதிப் பத்திரத்தையும் கேளுங்கள். களவாக அள்ளிய மண் வழியில் பிடிபட்டால் வேலை நிற்கும். அதைவிட, ஆறுகளை அப்படி அள்ளித்தான் எங்கள் ஊர்க் கிணறுகள் கெட்டுப் போகின்றன. கையில் எடுத்துப் பிசைந்து பாருங்கள்: களி ஒட்டினால் பூச்சுக்கு ஆகாது. கடலோர மண்ணில் இருக்கும் உப்பு, கம்பியைத் தின்னும்.

எழுதாமல் விடுவது

முத்திரை ஒட்டிய பத்திரம் இல்லையென்றாலும், ஒரு கொப்பி ஒற்றையில் எழுதி இருவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்து வையுங்கள். கம்பி என்ன தடிப்பு, எத்தனை அங்குல இடைவெளி. பூச்சுக் கலவையில் சீமெந்து ஒன்றுக்கு மண் ஐந்தா, ஆறா. கதவு நிலை முதிரையா, வேறு மரமா. உடைத்த கல்லை யார் அகற்றுவது. தண்ணீரும் மின்சாரமும் யாருடையது. எந்தத் திகதிக்குள் முடிப்பது. "நல்ல மரம்" என்று எழுதினால் அது எந்த மரமும் ஆகலாம். இடையில் ஏதாவது மாற்றினால் அதற்கும் ஒரு வரி எழுதி, தொகையைப் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அறை கூட்டுவதானால் பிரதேச சபை அனுமதியை வேலை தொடங்க முன்னம் எடுத்துவிடுங்கள்.

காலத்தைக் கணக்கில் எடுக்காதது

புரட்டாதியில் கூரையைக் கழற்றுபவர் ஐப்பசி மழையோடு விளையாடுகிறார். எங்களுக்குப் பெருமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒரே இரவில் வீடுகளுக்குள் வெள்ளம் ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மாசி, பங்குனியில் காலபோக அறுவடைக்கு ஆட்கள் போய்விடுவார்கள். சித்திரை வருடப் பிறப்புக்குப் பிறகு தொடங்கி ஆவணிக்குள் கூரையை மூடுவதுதான் பத்திரம். ஆனால் அந்த வெயிலில் கிணறு வற்றும். சீமெந்து வேலைக்குத் தண்ணீர் காட்டாவிட்டால் பலம் வராது. சுவருக்கும் பூச்சுக்கும் குறைந்தது ஏழு நாள் நனைக்க வேண்டும். கொங்கிறீற் பிளாட்டுக்கு வரம்பு கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்பதையும் அந்த ஒற்றையில் எழுதுங்கள். எழுதாத இடத்தில் யாரும் ஊற்றுவதில்லை.

வெளிநாட்டில் இருந்து செய்விப்பவர்களுக்கு ஒன்று. வட்ஸ்அப்பில் வரும் படம் பொதுவாக அழகான பக்கத்திலிருந்துதான் எடுக்கப்படும். பிளாட் போட முன்னம் கம்பி கட்டிய நிலையில், அளவு நாடாவைக் கம்பி இடைவெளியில் வைத்துக் காணொளி கேளுங்கள். குழாயையும் வயரையும் மூட முன்னம் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு எந்த இடத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்று தெரியவும் அது உதவும். காசை வயதான அப்பா அம்மாவின் கையில் கொடுத்து அவர்களை மேசனோடு வாதாட விடாதீர்கள். வேலை தெரிந்த ஒருவருக்குச் சிறு தொகை கொடுத்து, கட்டம் முடிய வந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் கொந்தராத்துக்காரர் காட்டிய ஆளாக இருக்கக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் பிரச்சினை வந்தால், வாசலில் நின்று கத்த முன்னம் உங்கள் பகுதி மத்தியஸ்த சபையை நாடுங்கள். வழக்கறிஞர் தேவையில்லை, பெருஞ்செலவும் இல்லை. போகும்போது கையெழுத்திட்ட ஒற்றை, வங்கியில் காசு போட்ட பற்றுச்சீட்டுகள், திகதியோடு எடுத்த படங்கள் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். கையில் கொடுத்த காசென்றால் அன்றன்றே ஒரு துண்டில் தொகையும் திகதியும் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும்.