சப்டைட்டில் போட்டு ஆங்கிலம்: காரைக்குடி வீட்டில் செய்துபார்த்த முறை

விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகன், நான்காம் வகுப்பு, தீவுக்கான ஆங்கிலச் சொல்லை ‘இஸ்லேண்டு’ என்று எழுத்துக்கூட்டி வாசித்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சொல்லில் ‘எஸ்’ கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்காது. மறுநாள் ஆமைகளைப் பற்றிய ஒரு வீடியோவில் ‘ஐலண்ட்’ என்று குரல் ஒலித்தபோதே கீழே அந்த எழுத்துகள் ஓடின. “அத்தை, இதுதானா அது?” என்று திரும்பினான். நான் நாலு முறை திருத்தியும் ஏறாதது அது.

வீடியோவின் கீழே ஓடும் சப்டைட்டில் வரிகளை வைத்து ஆங்கிலம் பழகும் இந்த முறையை நீங்களும் தொடங்கலாம்.

படி 1: வீடியோ. ஐந்து நிமிடத்துக்குள் இருக்கட்டும். படத்தைப் பார்த்தே பாதி புரிய வேண்டும். ஒருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பது உதவாது. இன்னும் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைக்கு இந்த முறையே வேண்டாம். வரி ஓடி மறைய, எரிச்சல்தான் மிஞ்சும்.

படி 2: வரிகள். யூடியூபில் ‘சிசி’ என்ற பொத்தானை அழுத்துங்கள். பல்சக்கரக் குறிக்குள் போனால் மொழியை மாற்றலாம், வேகத்தையும் 0.75 ஆகக் குறைக்கலாம். இயந்திரம் தானாக எழுதிய வரிகள் ஊர்ப்பெயர், ஆள்பெயர்களில் சறுக்கும். ஆள் எழுதிச் சேர்த்தவை இருந்தால் அவற்றையே எடுங்கள்.

படி 3: எந்த மொழியில்? பலர் தமிழ் வரியோடு நின்றுவிடுகிறார்கள். அதிலும் பலன் உண்டு. நெதர்லாந்தில் நான்காம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில நிகழ்ச்சியை டச்சு வரிகளோடு பார்த்தவர்கள், வரியில்லாமல் பார்த்தவர்களைவிட அதிகச் சொற்களைக் கற்றிருந்தார்கள். ஆனால் காது பழக வேண்டுமானால் கதை வேறு. 2009இல் வந்த இன்னொரு ஆய்வில் டச்சுக்காரர்களுக்கு ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய ஆங்கில உச்சரிப்புகளைப் பிடிக்க உதவியவை ஆங்கில வரிகள்தான். சொந்த மொழி வரிகள் அல்ல. அதனால் எங்கள் வீட்டில் ஒரே வீடியோவை முதல் நாள் தமிழ் வரியோடும், அடுத்த இரண்டு நாள் ஆங்கில வரியோடும், நான்காம் நாள் வரியே இல்லாமலும் பார்க்கிறோம். தமிழ் வரி இல்லாத வீடியோவென்றால் முதலில் கதையை நானே சொல்லிவிடுவேன்.

(எங்கள் பாட்டையா பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடை எடுபிடியாக, பர்மாவுக்குப் போய் அந்த மொழியைப் பேசப் பழகியவர். அவருக்கு வரியும் கிடையாது, பல்சக்கரமும் கிடையாது.)

படி 4: நோட்டு. நாளுக்கு மூன்று சொற்கள் போதும். சொல்லை அவனே தேர்ந்தெடுக்க வேண்டும். நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்காதீர்கள். நான் கேட்டேன், இரண்டாம் நாளே ரிமோட்டை ஒளித்துவிட்டான்.

படி 5: யாருக்காவது சொல்லச் சொல்லுங்கள். எங்கள் வளவில் அதற்கு அப்பத்தா இருக்கிறார். வரிகளை அணைத்த நாளில், “என்னப்பா சொல்கிறான்?” என்று அவர் கேட்க, பையன் வரிக்கு வரி தமிழில் சொன்னான். ஆமை கடலைக் கடந்து தீவுக்குத் திரும்பியது என்ற இடத்தில் அப்பத்தா நிறுத்தினார்.

“வழி எப்படித் தெரிந்ததாம்?”

அவனுக்குத் தெரியவில்லை. வீடியோவைப் பின்னுக்கு ஓட்டினான். ஆங்கில வரியை அவனே போட்டுக்கொண்டான்.