வென்ஃப்லான் இன்றைக்குத் தேவையா? வார்டு நர்ஸ்களுக்கான வழிகாட்டி

அட்மிட் ஆகும் நோயாளிகளில் பெரும்பாலானோருக்குக் கட்டிலில் படுத்த சற்று நேரத்திலேயே கையில் ஒரு வென்ஃப்லான், அதாவது மருந்தும் ட்ரிப்ஸும் ஏற்றும் சிறு பிளாஸ்டிக் குழாய், ஏறிவிடுகிறது. ட்ரிப்ஸ் நிறுத்தி, மருந்தெல்லாம் மாத்திரைக்கு மாறிய பிறகும் அது அப்படியே கிடக்கும். கேட்டால், "இருக்கட்டும், ராத்திரி ஏதாவது ஆனா உதவும்" என்பார்கள். சும்மா கிடக்கும் அந்தக் குழாய், தோலில் உள்ள கிருமி ரத்தத்துக்குள் போகத் திறந்து வைத்த வாசல். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற தோல் பாக்டீரியா அந்த வழியாக நுழைந்தால் இதய வால்வு, முதுகெலும்பு என்று எங்கு வேண்டுமானாலும் போய்த் தங்கும். நிமோனியாவுக்கு வந்தவர் அது குணமான பின் புதுக் காய்ச்சலோடு படுத்திருந்தால், முதலில் அவர் கையைப் பாருங்கள்.

போடும்போது

தேவைக்குப் போதுமான, இருப்பதிலேயே சிறிய அளவை எடுங்கள். பெரியவர்களுக்கு மருந்துக்கும் சாதாரண ட்ரிப்ஸுக்கும் 20 பிங்க் அல்லது 22 நீலம் போதும் (எண் கேஜ் அளவு; எண் கூடினால் குழாய் சிறிது). அறுவை சிகிச்சைக்கு 18 பச்சை, பெரும் ரத்தப்போக்குக்கு 16 சாம்பல். நரம்பு (இங்கே சிரை, அதாவது வெயின்) மெலிந்த முதியவருக்கும் குழந்தைக்கும் 24 மஞ்சள். சிறிய நரம்பில் பெரிய குழாயைத் திணித்தால் அதைச் சுற்றி ரத்தம் ஓட இடமிருக்காது. மருந்து நீர்த்துப்போகாமல் நரம்புச் சுவரிலேயே உரசி நின்று அதைப் புண்ணாக்கும்.

முன்கைதான் நல்ல இடம். முழங்கை மடிப்பும் மணிக்கட்டும் அசையும் மூட்டுகள் என்பதால் குழாய் மடங்கும், உரசும். டயாலிசிஸுக்காக நாளங்களை இணைத்த ஃபிஸ்டுலா உள்ள கையையும், மார்பகப் புற்றுநோய்க்கு அக்குள் நிணநீர் முடிச்சுகள் எடுத்த பக்கத்துக் கையையும் விட்டுவிடுங்கள்.

கை கழுவி, கையுறை போட்டு, 70% ஆல்கஹாலில் கலந்த 2% குளோர்ஹெக்ஸிடினால் 30 விநாடி அழுத்தித் தேய்த்து, 30 விநாடி காயவிடுங்கள். பலர் அவசரப்படுவது இந்தக் காயவிடும் நேரத்தில்தான். ஈரத்தோடு குத்தினால் கிருமி முழுதாகச் சாகாது, நோயாளிக்கும் எரியும். துடைத்த பிறகு நரம்பைத் தடவிப் பார்த்தால் மறுபடி துடைக்க வேண்டும். ரத்தம் எட்டிப் பார்த்ததும் ஊசியைத் தாழ்த்தி 2 மில்லிமீட்டர் முன்னே நகர்த்தி, குழாயை மட்டும் உள்ளே தள்ளுங்கள். வெளியே இழுத்த ஊசியை மறுபடி குழாய்க்குள் செருகாதீர்கள். குழாய் நுனி அறுந்து ரத்தத்தோடு போய்விடலாம். இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லை என்றால் அனுபவமுள்ள இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.

மேலே ஒட்டுவது உள்ளே தெரியும் டிரெஸ்ஸிங்காக இருக்கட்டும். வெள்ளைப் பிளாஸ்டரை மூன்று சுற்றுச் சுற்றினால் அடியில் சிவந்திருப்பது யாருக்கும் தெரியாது. தேதி, நேரம், போட்டவரின் முதலெழுத்து மூன்றையும் டிரெஸ்ஸிங்கின் ஓரத்தில் எழுதுங்கள்.

மருந்து செலுத்தும்போது

வென்ஃப்லானின் தலையில் உள்ள வண்ண மூடியைத் திறந்து பாருங்கள், ஓரத்தில் காய்ந்த ரத்தம் கருப்பாகப் படிந்திருக்கும். த்ரீ-வேயின் (மூன்று வாய் உள்ள இணைப்புத் திருகின்) மூடி தொலைந்து, அந்த வாய் போர்வையில் உரசிக் கிடப்பதையும் எந்த வார்டிலும் பார்க்கலாம். மூடியைக் கழற்றிக் கட்டில் மேல் வைத்தால் அதைத் திரும்ப மாட்டக்கூடாது. புது ஸ்டெரைல் மூடிதான் போட வேண்டும். அதற்கு ஊசி ட்ரேயில் எப்போதும் பத்து மூடியாவது இருக்கட்டும். ஊசியில்லாமல் இணைக்கும் வாயை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட் பஞ்சால் 15 விநாடி தேய்த்து, காய்ந்த பிறகே சிரிஞ்சைப் பொருத்துங்கள்.

மருந்துக்கு முன்னும் பின்னும் 5 மில்லி சலைன் விடுங்கள், அதுவும் 10 மில்லி சிரிஞ்சில். 2 மில்லி சிரிஞ்சில் அழுத்தம் அதிகம். அடைத்துக்கொண்ட குழாயை அதைக் கொண்டு தள்ளினால் ரத்தக்கட்டி உள்ளே போகும், இல்லையேல் நரம்பு கிழியும். தடை தெரிந்தால் தள்ளாதீர்கள், கழற்றுங்கள். ஒரே 100 மில்லி சலைன் பாட்டிலில் ஊசியைக் குத்தி வைத்து வார்டு முழுக்க ஃப்ளஷ் (குழாயைக் கழுவிவிடும் சலைன்) எடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஒருவர் ரத்தம் பட்ட சிரிஞ்ச் ஒருமுறை அதில் நுழைந்தால் ஹெபடைடிஸ் பி அந்த வார்டில் பல பேருக்குப் போகும். காற்று போக சலைன் பாட்டிலின் அடியில் ஊசி குத்துவதும் அப்படித்தான். ஃபில்டர் உள்ள ஏர்வென்ட் செட் வாங்கச் சொல்லிக் கேளுங்கள்.

சேராத மருந்துகளை மறக்காதீர்கள். ஃபெனிடாயின் டெக்ஸ்ட்ரோஸில் படிந்துவிடும், சலைனில் மட்டும்தான் கலக்க வேண்டும். செஃப்ட்ரையாக்ஸோனை ரிங்கர் லாக்டேட்டோடு விட்டால் அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து துகளாகும்.

பொட்டாசியம் குளோரைடைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 15% உள்ள 10 மில்லி ஆம்பியூலில் 20 மில்லி ஈக்விவலென்ட் (mEq, பொட்டாசியத்தின் அளவுக்கான அலகு) இருக்கிறது. அதை நேரடியாக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். 500 மில்லி சலைனில் ஓர் ஆம்பியூல், அதற்கு மேல் கூடாது. வேகம் மணிக்கு 10 மில்லி ஈக்விவலென்டைத் தாண்டாமல் இருக்க, அந்தப் பாட்டில் குறைந்தது 2 மணி நேரம் ஓட வேண்டும். தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் சேர்க்காதீர்கள். பொட்டாசியம் கரைசல் கனமானது, அடியில் தங்கி முதலில் அதுவே இறங்கும். பாட்டிலைக் கழற்றி, சேர்த்து, பத்து முறை கவிழ்த்துக் குலுக்கிய பிறகு மாட்டுங்கள். ஆம்பியூல்கள் சலைன் ஆம்பியூல்களோடு ஒரே டப்பாவில் இருக்கக்கூடாது; பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

ஓவர் எடுக்கும்போது

ஒவ்வொரு டூட்டி மாற்றத்திலும் கட்டிலருகே நின்று ஓவர் எடுங்கள் (முந்தைய டூட்டி நர்ஸிடமிருந்து பொறுப்பேற்பது), வென்ஃப்லானைத் தொட்டுப் பாருங்கள், "வலிக்குதாம்மா?" என்று கேளுங்கள். நரம்பு அழற்சியைப் பார்த்து அளக்கும் விஐபி ஸ்கோரை 0 முதல் 5 வரை போடலாம். இலேசான வலியோ சிவப்போ ஒன்று மட்டும் என்றால் 1, உற்றுக் கவனியுங்கள். வலி, சிவப்பு, வீக்கம் இவற்றில் இரண்டு சேர்ந்தால் 2. அங்கேயே கழற்றி வேறிடத்தில் போட வேண்டும். நரம்பு நெடுக வலித்து, சிவந்து, கட்டிப்பட்டால் 3. நரம்பு கயிறு போல விரலில் தட்டுப்பட்டால் 4, காய்ச்சலும் சேர்ந்தால் 5. 3 முதல் டாக்டருக்குச் சொல்லிச் சிகிச்சை தொடங்க வேண்டும், 5 என்றால் ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்ற சோதனை) எடுப்பது பற்றியும் உடனே பேசுங்கள்.

நார்அட்ரினலின், கால்சியம், 25% டெக்ஸ்ட்ரோஸ் ஓடும்போது கை வீங்கினால் மருந்தை நிறுத்துங்கள். குழாயைப் பிடுங்குவதற்கு முன் காலி சிரிஞ்சால் உறிஞ்சி, முடிந்தவரை மருந்தை வெளியே எடுங்கள், கையை உயர்த்தி வையுங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். நார்அட்ரினலின் கசிந்த இடத்தில் ஐஸ் வைக்காதீர்கள், ஏற்கெனவே சுருங்கிய நாளங்கள் இன்னும் சுருங்கும்.

பிறகு அந்த ஒரு கேள்வி: இன்றைக்கு இது தேவையா? காலை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் ஒவ்வொரு கட்டிலிலும் இதை நர்ஸ் கேட்க வேண்டும். கடந்த 24 மணி நேரத்தில் நரம்பு வழியாக எதுவும் போகவில்லை, அடுத்த 24 மணி நேரத்துக்கும் எழுதவில்லை என்றால் கழற்றச் சொல்லிக் கேளுங்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஐசியூக்களில் சென்ட்ரல் லைன்களுக்கு (இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய நரம்பு வரை போகும் குழாய்களுக்கு) ஐந்தே படிகள் கொண்ட பட்டியலைப் பின்பற்றினார்கள். தேவையற்ற லைனைக் கழற்றுவது அதில் ஒரு படி. படி தவறினால் டாக்டரையே நிறுத்தும் அதிகாரம் நர்ஸுக்கு இருந்தது. ஆயிரம் லைன் நாளுக்கு (ஒரு லைன் ஒரு நாள் இருந்தால் ஒரு லைன் நாள்) 2.7 ஆக இருந்த ரத்தத் தொற்றின் இடைநிலை அளவு மூன்று மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்ததாக 2006-இல் வெளியிட்டார்கள். நம் வார்டில் ஜூனியர் சிஸ்டர் வாய் திறந்து கேட்கும் நிலையை இன்சார்ஜ் உருவாக்காவிட்டால் எந்தப் பட்டியலும் வேலை செய்யாது.

கழற்றிய பிறகு பஞ்சால் 2 அல்லது 3 நிமிடம் அழுத்துங்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கு இன்னும் கூடுதலாக. குழாய் நுனி முழுசாக இருக்கிறதா என்று பார்த்து, கேஸ் ஷீட்டில் நேரத்தை எழுதுங்கள். டிஸ்சார்ஜ் ஆகிறவரிடமும் கூட இருப்பவரிடமும், அடுத்த இரண்டு நாள் அந்த இடம் சிவந்தாலோ வலித்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வரச் சொல்லுங்கள். குழாய் போன பிறகும் 48 மணி நேரத்துக்குள் நரம்பு அழற்சி தலைகாட்டலாம்.