பேசும் முன் எழுதுங்கள்: யோசனைக் கூட்டத்துக்கு 6-3-5

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையோ பிரிக்பீல்ட்ஸ் அலுவலகமோ, புது யோசனை கேட்டுக் கூட்டம் போட்டால் பெரும்பாலும் மேலாளர் முதலில் வாய் திறப்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். தன் முறைக்குக் காத்திருப்பவருக்கோ மனதில் இருந்ததும் மறந்துபோகும்.

1968-இல் ஜெர்மனியின் பெர்ன்ட் ரோர்பாக் வெளியிட்ட 6-3-5 முறை இங்கே கைகொடுக்கும். 6 பேர், ஆளுக்கு ஓர் ஏ4 தாள். அதில் குறுக்கே 3, கீழ்நோக்கி 6 எனக் கட்டங்கள். 5 நிமிடம் பேசாமல் முதல் வரிசையில் 3 யோசனை எழுதி, தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளுங்கள். அவர் மேலே உள்ளதைப் படித்து, அதை வளர்த்தோ புதிதாகவோ அடுத்த வரிசையில் 3 எழுதுவார். 6 சுற்று, 30 நிமிடம், 108 யோசனை. (பல ஒன்றுபோலவே இருக்கும், பரவாயில்லை.)

சொதப்புவது பெரும்பாலும் கேள்வியில்தான். "விற்பனையைக் கூட்டுவது எப்படி?" என்றால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். "தீபாவளிக்கு முந்தின வாரம் பில் போடக் காத்திருக்கும் நேரத்தை 10 நிமிடத்துக்குள் கொண்டுவருவது எப்படி?" என்று கேளுங்கள். எழுதுவது தமிழோ மலாயோ, அடுத்தவருக்குப் படிக்க வந்தால் போதும். மேலாளரும் எழுதலாம், பிறகு நல்ல யோசனைகளைத் தேர்வு செய்யும்போது மட்டும் கடைசியாகப் பேசட்டும்.